யூரியா கரைத்த வாளித் தண்ணீரில் மரக்கறி வளராது

வாளித் தோட்டம் என்பது, மண்ணில்லாமல் பசளை கரைத்த தண்ணீரைப் பம்பால் வாளிகளில் சுற்றவிட்டு மரக்கறி வளர்க்கும் நீர்ப்பயிர்ச் செய்கை. அதற்கான பசளைக் கரைசலே அல்பேட். "வாளித் தோட்டத்துக்கு அல்பேட் கரைசல் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீரில் வாளிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா போட்டால் போதும், பம்பை இரவில் நிறுத்தலாம்" என்று திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

யூரியாவில் 46% நைதரசன் உண்டு. பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம், இரும்பு எதுவும் இல்லை. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை நைத்திரேற்றாக மாற்றும். வாளித் தண்ணீரில் அது போதியளவு நடக்காது. அமோனியம் தேங்கி வேர் கருகும். கல்சியம் போதாமல் தக்காளியின் அடிப்பகுதியும் கறுத்துவிடும்.

நீர்ப்பயிர்ச் செய்கைக்கென விற்கும் பசளையைப் பொதியில் உள்ள அளவின்படி கரையுங்கள். கல்சியம் நைத்திரேற்றை சல்பேற்று உப்புகளோடு செறிவாகக் கலக்கக்கூடாது, அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். தண்ணீரின் புளிப்புத்தன்மையைக் காட்டும் பீஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் கீரைக்கு சென்ரிமீற்றருக்கு 1.2–1.8, தக்காளிக்கு 2–3.5 மில்லிசீமன்ஸ்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்கவேண்டியது கிணறுதான். நிலாவெளி, உப்புவெளி போன்ற கரையோரங்களில் தண்ணீர் உவராக இருக்கலாம். பசளை போடுமுன்பே மின்கடத்துதிறன் 1 மில்லிசீமன்ஸைத் தாண்டினால் மழைநீர் கலவுங்கள்.

வேர் இரவிலும் சுவாசிக்கும். வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. ஆகவே பம்பை இரவில் முழுதாக நிறுத்தாதீர்கள். வாளிகளிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் குழாய், தண்ணீர் ஏற்றும் குழாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். வேர் அடைத்தால் வாளி வழியும்.

சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இதைப் போடுங்கள்.