வாசலுக்குத் தனி ஃபண்டு கேட்போமா?

போன வாரம் எங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், வந்தது இருபது பேர். அதில் பாதிக்கு மேல் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்து ஆட்கள். நானும் அங்கே சந்தா கட்டுகிறவன்தான், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வார்டில் மாநகராட்சி அடுத்து என்ன வேலை எடுக்கலாம் என்று கேட்டார்கள். மூன்று கோரிக்கை வந்தது. பூங்காவுக்கு நடைபாதை, பேவர் பிளாக். வாய்க்கால் ஓரத்து ஹவுசிங் போர்டில் ஒழுகும் கழிவுநீர்க் குழாயையும் உடைந்த மாடிப்படிக் கைப்பிடியையும் சரிசெய்வது. அப்புறம் சுகாதார நிலையத்துக்கு ஒரு சாய்தளம். பூங்கா பத்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மற்ற இரண்டும் 'பரிசீலனை'.

பூங்கா ஏன் ஜெயித்தது? நாங்கள் காசோடு போனோம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 1997-ல் தொடங்கி, நடுவில் காணாமல் போய், 2021-ல் திரும்பி வந்த திட்டம். கெட்ட திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஊர்க்காசு போட்ட வேலையை ஊர் கண்காணிக்கும், அது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 லட்சம் வேலைக்கு 10 லட்சம் கட்ட வேண்டும். எங்கள் 120 வீட்டுக்கு ஆளுக்கு எட்டாயிரத்துச் சொச்சம், முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். ஹவுசிங் போர்டில் யார் வீட்டில் எட்டாயிரம் சும்மா கிடக்கிறது? அரசு போடுகிற 20 லட்சமும் எல்லோருடைய வரிப்பணம். ஏற்கெனவே பத்து லட்சம் புரட்ட முடிந்தவர்கள் பக்கம் அது தானாக ஓடி வருகிறது.

எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் அக்கா அங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறார். "கூட்டத்துக்கு நீங்களும் வந்து சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். "எத்தனை மணிக்கு தம்பி கூட்டம்?" என்று கேட்டார். பதினோரு மணி. "அந்நேரம் நான் உங்க வீட்டுலதானே இருந்தேன்?"

என்னிடம் பதில் இல்லை.

வீடு என்றாலே நம் ஆட்களுக்குப் புது வீடுதான் நினைவுக்கு வரும். பிரதமர் திட்டத்தில் சொந்த இடத்தில் கட்டுபவர்களுக்கு மத்திய அரசின் 1.5 லட்சம், மாநிலத்தின் 60 ஆயிரம் என்று 2.10 லட்சம் கொடுத்தார்கள். நல்லது, ஆனால் அதற்குக் கையில் இடம் வேண்டும். இருக்கிற பழைய குடியிருப்பில் குழாய் மாற்றுவதற்குத்தான் ஆள் இல்லை. வாரியத்தைக் கேள் என்கிறார் ஒருவர், மாநகராட்சியைக் கேள் என்கிறார் இன்னொருவர். இத்தனைக்கும் 15-வது நிதிக்குழு, எங்களைப் போன்ற, மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறைந்த ஊர்களுக்கு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் என்றே கட்டிப்போட்டிருந்தது. ஒழுகும் கழிவுநீர்க் குழாயைவிடச் சுகாதாரம் என்ன இருக்கிறது?

சாய்தளக் கதை தனி. சுகாதார நிலையத்தில் சாய்தளம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, பயன்படாது. எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் போகும் ஒரு பெரியவர் டேப் வைத்து என்னை அளக்கச் சொன்னார். வாசல் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி, அப்படியென்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். கட்டியிருப்பது 2 மீட்டர். "இதுல ஏறணும்னா பின்னாடி ரெண்டு ஆளு வேணும், முன்னாடி முருகன் வேணும்" என்றார். இப்போது அதை இடித்துவிட்டு மறுபடி கட்டத்தான் மானியம் கேட்கிறோம்.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடலருகே போக 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்தது, திரும்பச் சரிசெய்தார்கள். மணலில் அப்படி ஒரு பாதைக்குத் தனிக்காசு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கட்டடத்தின் சாய்தளம் அப்படி இல்லை, அது வாசல் மாதிரி. வாசல் வைக்க யாராவது தனி ஃபண்டு கேட்பார்களா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சாய்தளம் தனி வரியாக எஸ்டிமேட்டுக்கு வெளியே நின்று, குழாயோடும் பூங்காவோடும் மல்லுக்கட்டுகிறது. இல்லாதவர்கள் இரண்டு பேரை மோதவிட்டு, நாங்கள் பேவர் பிளாக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

சரி, என் பங்கு எட்டாயிரத்தை நான் கட்டுகிறேன். ஆனால் பூங்கா வாசலில் ஸ்கூட்டர் நுழையாமல் இருக்க நட்டிருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு இடையில் சக்கர நாற்காலியும் நுழையாது, அதை எஸ்டிமேட்டிலேயே மாற்றி எழுத வேண்டும். குழாய் வேலைக்கு மக்கள் பங்கு கேட்காமல் மாநகராட்சி தன் பொது நிதியில் எடுக்கச் சொல்லி, சங்கத்தின் பெயரிலேயே ஒரு மனு போக வேண்டும். அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை, ஹவுசிங் போர்டு முற்றத்தில் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் சங்க வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமையே போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குக் கீழே பேவர் பிளாக் சிவப்பா சாம்பலா என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது.