புள்ளிகளில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரி உண்டு

கிரெடிட் கார்டு புள்ளிகளை மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் புள்ளிகளாக மாற்றினால் கோலாலம்பூர்–லண்டன் டிக்கெட்டுக்கு ஒரு காசுகூடக் கட்ட வேண்டாம் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் புள்ளிகள் ஈடுகட்டுவது டிக்கெட் விலையை மட்டும்தான். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பணமாகவே கட்ட வேண்டும்.

மலேசியாவிலிருந்து கிளம்பும்போது புறப்பாட்டு வரி இருக்கிறது. ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகளுக்கு அப்பால் எகானமியில் போனால் 20 வெள்ளி (ரிங்கிட்), பிசினஸில் போனால் 150 வெள்ளி. எகானமிக்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது, சரி. திரும்பி வரும்போதுதான் கை கடிக்கும். பிரிட்டனிலிருந்து இவ்வளவு தூரம் பறப்பவர்களுக்கு அந்நாட்டு அரசு விமானப் பயணி வரி போடுகிறது. 2026 ஏப்ரல் முதல் எகானமிக்கு 106 பவுண்ட், பிசினஸுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எகானமியில் வரும் 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே படிக்கும் மகளைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை போய்வரும் அம்மா அப்பா இந்தப் பணத்தையும் எடுத்து வைத்தாக வேண்டும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். என்ரிச் கணக்கில் நுழைந்து, புள்ளிகளில் டிக்கெட் எடுப்பதுபோல் தேதி போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். புள்ளிகளோடு ஒரு வெள்ளித் தொகையும் அங்கே நிற்கும். கட்டாமல் வெளியே வந்துவிடலாம். பிரிட்டன் வரி விகிதம் அந்நாட்டு அரசுத் தளத்திலும், நம் புறப்பாட்டு வரி சுங்கத் துறைத் தளத்திலும் இருக்கிறது.