மூன்றாம் இடத்தில் நின்ற பாடல்
கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில், ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே நடந்த யூரோவிஷன் பாடல் போட்டியில் முதலிடம் பெறாத பாடல்கள் அன்றிரவோடு மறக்கப்பட்டன என்று அந்தப் போட்டியைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1958இல் நெதர்லாந்தின் ஹில்வெர்சும் நகரில் நடந்த போட்டியில் இத்தாலியின் டொமேனிகோ மொடுன்யோ பாடிய, ‘வொலாரே’ என்ற பெயரில் உலகம் அறிந்த பாடல், 13 வாக்குகளுடன் மூன்றாம் இடத்தையே பெற்றது. 27 வாக்குகளுடன் வென்ற பிரான்சின் ஆந்த்ரே க்ளாவோவின் பாடலை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. மொடுன்யோவின் பாடலோ அதே ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பிரபலப் பாடல்களின் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி, 1959இல் முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் என்ற இரண்டு விருதுகளையும் வென்றது. கைகளிலும் முகத்திலும் நீலம் தீட்டிக்கொண்டு வானில் பறப்பதாகக் கனவு காணும் வரிகளை, நிறமே இல்லாத அந்தத் திரையில், இரு கைகளையும் அகல விரித்து அவர் பாடும் அழகைப் பழைய பதிவில் ஒருமுறை பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். ஒளிபரப்புக் கோளாறினால் சில நாடுகளில் முதல்முறை சரியாகத் தெரியாமல் போக, நிகழ்ச்சியின் இறுதியில் அவர் மீண்டும் பாட வேண்டியிருந்தது. இரண்டு முறை பாடியும் மூன்றாம் இடம்தான். அதற்காக, அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்டுள்ள நண்பர் ஒருவர் சொல்வதுபோல் நடுவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவதும் நியாயமன்று. நாட்டுக்குப் பத்து நடுவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கு என்பதுதான் அன்றைய முறை. ஆகவே எத்தனை நடுவர்களுக்கு இரண்டாவதாகப் பிடித்திருந்தாலும் ஒரு பாடலுக்கு அதனால் ஒரு வாக்குகூடச் சேராது.