சீனாவில் ஒரே மொழியாம்!

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் சீனாவைப் பற்றிப் பேசிய துண்டு வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதற்குக் கீழே, அவர் சொன்னது தவறு என்று நான் எழுதினேன், எனக்கு அர்ச்சனை நடந்தது. "நூற்று நாற்பது கோடிப் பேர், ஒரே இனம், ஒரே மொழி, அவன் எங்கேயோ போய்விட்டான்" என்று அவர் சொன்னதும் அரங்கமே அதிர்ந்ததே, அந்தக் கைதட்டல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மேடையில் பேசுகிறவர் பேச்சு ஓட்டத்தில் ஏதாவது சொல்வார், விட்டுவிடலாம். இத்தனை பேர் கை தட்டினீர்களே!

சீனாவில் ஒரே மொழி கிடையாது. ஒரே இனமும் கிடையாது. அந்த அரசாங்கமே 56 இனங்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஹான் இனத்தார் நூற்றுக்கு 91 பேர் என்பது உண்மைதான். ஆனால் மீதி ஒன்பது பேர் என்றால் 12 கோடிக்கு மேல், தமிழ்நாட்டு மக்கள்தொகையை விட அதிகம். சுவாங் இனத்தார் மட்டும் ஏறக்குறைய 2 கோடி. சுவாங் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்தான் எனக்குச் சீனப் பாடம் எடுக்கிறார்கள்.

"போய் அங்கே இருந்து பார்த்துவிட்டு வந்து பேசு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இருந்துவிட்டுத்தான் தம்பி வந்தேன். தென்சீனாவில், குவாங்சோ நகரத்தில் மூன்று வருடம். திருப்பூர் கம்பெனி ஒன்றுக்குத் துணி, ஜிப், பட்டன் எல்லாம் பார்த்து வாங்கி அனுப்புகிற வேலை. ஜோங்தா துணிச் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்கார அம்மா என்னிடம் நாட்டின் பொதுமொழியான மாண்டரினில் விலை பேசுவார், பாதி கால்குலேட்டரில். மூட்டை தூக்க வருகிறவரிடம் குவாங்சோ பக்கத்துப் பேச்சான கான்டனீஸ். ஊரிலிருந்து அவர் அம்மா போன் செய்தால் தென்கிழக்குக் கடற்கரைப் பேச்சான தியோச்சூ. அந்த மூன்றாவது பேச்சு ஆரம்பித்தால், எதிர்க்கடையில் இருந்த, வேறு மாகாணத்திலிருந்து வந்த ஹூனான்காரருக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் பேரம் படிந்த சந்தோஷத்தில் அந்த அம்மா டீ போட்டார். சுண்டுவிரல் உயரக் கோப்பை, ஒரு மடக்குக்கு மேல் கிடையாது. படித்த மாண்டரினைக் காட்டிக்கொள்ள நான் "ச்சா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் ஊரில் இது "தே" என்றார். நான் எழுந்தே விட்டேன். எங்கள் ஊரிலும் இது தே-இலைதான் என்று விளக்குவதற்குள் கோப்பையைக் கொட்டிவிட்டேன். தேயிலையில் இருக்கும் நம் "தே" அந்தத் தென்கிழக்குக் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல். குமரிப் பக்கம் சாயா என்கிறார்களே, அதன் மூலம் சீனாவின் மற்றப் பேச்சுகளில் உள்ள "ச்சா". அங்கே ஒரே மொழிதான் என்றால் நம் ஊர் டீக்கடைக்கு இரண்டு சொல் எப்படி வந்தது?

உடனே வருவார்கள், "அதெல்லாம் வட்டார வழக்கு சார், நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி" என்று. திருநெல்வேலிக்காரர் பேசினால் கோயம்புத்தூர்க்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? பெய்ஜிங்காரர் குவாங்சோ காய்கறிச் சந்தையில் நின்றால் வேண்டும். நன்றி சொல்ல மாண்டரினில் "ஷியே ஷியே" போதும். கான்டனீஸில் உதவி செய்தால் "ம்கோய்", பொருள் கொடுத்தால் "தோஜே". நான் மாற்றிச் சொல்லிக் கடை முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறேன். எழுத்து ஒன்றுதானே என்கிறீர்களா? மராத்திக்கும் இந்திக்கும் நேபாளிக்கும் கூட எழுத்து ஒன்றுதான். போதுமா?

அப்புறம் அந்த "அதனால்தான் முன்னேறினான்" கதை. சீனா ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது 2010இல். 2013இல் அவர்களுடைய கல்வி அமைச்சகமே, 40 கோடிப் பேருக்கு மாண்டரின் பேச வராது என்று சொன்னது. இவர்கள் சொல்கிற அந்த ஒரே மொழி தெரியாத 40 கோடிப் பேரையும் சேர்த்துத்தான் அந்த நாடு முன்னேறியது.

அதே 2010இல், ஆசிய விளையாட்டுப் போட்டி வருகிறது, டிவியில் கான்டனீஸைக் குறைத்து மாண்டரினைக் கூட்டலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, குவாங்சோ மக்கள் ஜியாங்நான்ஸி மெட்ரோ நிலையத்துக்கு வெளியே திரண்டு நின்றார்கள். 2020இல் சீனாவுக்குள்ளேயே வடக்கே இருக்கும் உள்மங்கோலியாவில் மூன்று பாடங்களை மங்கோலிய மொழியிலிருந்து மாண்டரினுக்கு மாற்றியபோது, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. எல்லா இனத்தாருக்கும் தங்கள் மொழியைப் பேசி வளர்க்க உரிமை உண்டு என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஏட்டில்.

பொதுமொழி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். எனக்குச் சோறு போட்டதே அந்த அரைகுறை மாண்டரின்தான். அதன் பெயரே புதொங்ஹுவா, பொதுப்பேச்சு. நடுவில் நிற்கட்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டுக்குள் வந்து பாட்டியை வெளியே தள்ளினால்தான் எனக்குக் கோபம் வரும். இதைச் சொன்னால் ஒருவர் என்னைச் சீன விரோதி என்கிறார், அடுத்தவர் சீனக் கைக்கூலி என்கிறார். முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

மஞ்சு இனத்தார் 1644இலிருந்து இருநூற்று அறுபது வருடத்துக்கு மேல் சீனாவை ஆண்டார்கள். பெய்ஜிங் அரண்மனை வாசல் பலகைகள் சிலவற்றில் அவர்கள் எழுத்து இன்றும் இருக்கிறது. இன்று மஞ்சு இனத்தார் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். அந்த மொழியைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வடமேற்கே ஷின்ஜியாங்கில் காவலுக்கு அனுப்பப்பட்ட ஷிபோ இன வீரர்களின் வம்சம் மட்டும் அதற்கு நெருங்கிய பேச்சை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. ஆண்ட மொழிக்கே இந்தக் கதி.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சிலருக்குத் தெரியும். நான் மதுரைக்காரன், வீட்டில் சௌராஷ்டிரம். என் பாட்டிக்குத் தமிழ் கடைத்தெருவுக்கு, சௌராஷ்டிரம் சமையலறைக்கு. எனக்கு முக்கால்வாசி வரும், என் மகளுக்குக் கால்வாசி கூட வராது. அதை யாரும் பிடுங்கவில்லை, நான்தான் விட்டேன். "வீட்டில் தமிழ் பேசாதவனுக்குத் தமிழ்நாட்டு மேடையைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒருவர் எழுதினார். அவர் யாரென்றே தெரியாது, அதனால் வலிக்கவில்லை. அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டானே ஒருவன், என் பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், அதுதான் வலித்தது.

பர்ஸில் இன்னும் சீனாவின் ஒரு யுவான் நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு ஏரி, ஓரத்தில் பொடி எழுத்தில் மங்கோலியம், திபெத்தியம், உய்குர், சுவாங். சீனத்தோடு சேர்த்து ஐந்து மொழி. அங்கே மட்டும்தானா என்றால், நம் பத்து ரூபாய் நோட்டையும் திருப்பி எத்தனை மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சிரிப்புப் பொம்மையைக் காணோம். எடுத்துவிட்டான் போல. ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.