ஜங்க்யார்டு க்ரூவ் பெங்களூரு குழுவா?

ஜங்க்யார்டு க்ரூவ் பெங்களூரைச் சேர்ந்த ராக் இசைக்குழு என்றும், சென்னை ரசிகர்கள் அதன் நேரடி நிகழ்ச்சிகளைக் கண்டதாகச் சொல்வது பிற்காலக் கற்பனை என்றும் ஒரு தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு. அமீத் தாமஸ் பாடகராக இருக்க, 2005-இல் சென்னையில் உருவான குழு அது. பெங்களூரு ராக் இசைக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், ஆங்கிலத்தில் பாடும் குழு எதுவானாலும் அந்த ஊர்க் கணக்கில் எழுதிவிடும் வழக்கமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சென்னையில் இத்தகைய குழுக்களுக்கு மேடையே இருந்ததில்லை என்ற வாதமும் நிற்காது. அடையாறு அன்வைண்ட் சென்டரில் ‘ஜூன் ராக் அவுட்’ விழா நடந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் கலைவிழாவோ 1996-இல் சாரங் என்று பெயர் மாறுவதற்கு முன்பே, மார்டி கிரா என்ற பெயரில் நடந்து வந்தது. அங்குள்ள திறந்தவெளி அரங்கின் படிகளில் இரவு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: பேஸ் கிட்டாரின் அதிர்வு காதை எட்டுவதற்கு முன்பே அமர்ந்திருக்கும் கல் வழியாக உடம்பில் ஏறிவிடும். அந்த அதிர்வை நேரில் உணர்ந்து, வியர்த்த சட்டையோடு கடைசிப் பேருந்துக்கு ஓடியவர்களின் நினைவைப் பொய் என்று சொல்வது, இந்த நகரம் உரிய மதிப்பைத் தராமல் விட்ட ஒரு குழுவுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. அந்தத் தகவலை அனுப்பியவர்கள், அதே குழுக்களில் இந்தத் திருத்தத்தையும் பதிவிட வேண்டுகிறேன்.