அம்மா இதைக் கோயிலில் கேட்க வேண்டும்

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விடுவேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கோயில் மூடிக் கிடந்த நாட்களில், தெருவில் நின்று செபித்த சனத்தில் நானும் ஒருவன். கொழும்பில் யாருக்கும் என்னைத் தெரியாது. அதனால் இங்கே முழங்காலில் நிற்பது எனக்கு இலேசாக இருக்கிறது.

எனக்கு ஊர் மன்னார்ப் பக்கம். 1544இல், கிறிஸ்தவ வேதத்தை விடமாட்டோம் என்று சொல்லி, யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்களிடம் உயிரைக் கொடுத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பூசைக்கு உதவியிருக்கிறேன். தவக்காலத்தில் பெரியவர்களோடு இருந்து, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடியிருக்கிறேன். எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று பதினாறு வயதில் விளங்கியபோது, பயந்துபோய் நான் முதலில் ஓடியதும் மாதாவிடம்தான்.

விஷயம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர், "இப்படி இருந்துகொண்டு எப்படி நன்மை (நற்கருணை) எடுக்கிறாய்?" என்று கேட்டார். இங்குள்ள நண்பர்களோ, "உன்னை வேண்டாம் என்கிற கோயிலை ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோயில் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2358ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். எங்களைப் போன்றவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தின எண் ஓரினச் சேர்க்கையை ஏற்கவில்லை, அடுத்த எண் எங்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் போதனையோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். சில நாள் பணிந்து போகிறேன், சில நாள் அது பிழை என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் முந்தின எண் மட்டும்தானே கேட்கிறது? 2358ஐ யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

ஒருமுறை தியானம் கொடுக்க வந்தவர், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேய் பிடித்திருக்கிறது என்றார். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் அம்மா இருந்தார். ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மாவில் எனக்குக் கோபமில்லை. பீடத்திலிருந்து வருவதை அவர் கடவுளின் சொல்லாகவே எடுப்பார்.

கொழும்பில் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீர் கோயிலுக்கு வாறதை மட்டும் விட்டிடாதேயும்" என்றார். வெளியே வந்து வெகுநேரம் அழுதேன்.

அப்புறம் சட்டம். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை. அவற்றைத் திருத்த வந்த மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், ஒருபால் ஈர்ப்பு குற்றமல்ல, அதைத் தண்டிக்கிற சட்டங்கள் அநீதியானவை என்றார். இந்தச் சட்டம் போக வேண்டும் என்று சொல்ல ஒரு கத்தோலிக்கனுக்கு இதற்கு மேல் யாருடைய அனுமதி தேவை?

ஊரில் பணிசெய்யும் சுவாமிமாரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு ஞாயிறு பூசையில் அந்த 2358ஐ வாசியுங்கள். விளக்கம்கூட வேண்டாம். எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிவிட்டார்கள், அம்மாவிடம் இனி அதிக நாள் மறைக்க முடியாது. என் வாயால் கேட்பதற்கு முன்னால், மூன்றாவது வாங்கில் இருந்து அவர் அதைக் கேட்கட்டும்.