அம்மாவுக்கு ஃபைல் இல்லை

எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவுக்கு ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. 2009-இல் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாகக் கோத்திருக்கும். கோத்து வைத்தது அம்மா. சாப்பாட்டுக்கு முன்னால் எது, ராத்திரிக்கு எது என்று அப்பாவின் மாத்திரைகள் எல்லாம் அம்மாவுக்குத்தான் மனப்பாடம். அதே பீரோவில் அம்மா பெயரில் ஒரு சீட்டு கிடையாது. போன வருடம் வரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அரிசி புடைக்கும்போது முறத்திலிருந்து ஒரு பிடி பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுவாள். வர வர அது கூடிப்போய், சீரியல் பார்க்கும்போதும் உள்ளங்கையில் அரிசி. "கல்யாணத்துல மழை பெய்யும்மா" என்று தங்கை கிண்டல் செய்வாள். "எனக்கு இனிமே எந்தக் கல்யாணம்" என்று அம்மா சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயதாகிறது என்றோம். நாற்பத்தெட்டு ஒரு வயதா! ஒரு நாள் காலையில் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ்னு ஏதாவது திங்கத் தோணுதாம்மா?" எனக்கு முதுகு சில்லிட்டது. இரும்புச்சத்துக் குறைபாட்டில் அப்படித் தோன்றுமாம். ஹீமோகுளோபின் 7.6. குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அடுத்து அவர் மாதவிடாய் பற்றிக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன். இரண்டு வருடமாக அதிக ரத்தப்போக்கு என்று தங்கை பிறகு சொன்னாள். "அந்த வயசுல அப்படித்தான் இருக்கும், தானா நின்னுடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார், அம்மாவும் விட்டுவிட்டாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. பயப்படும் வகை இல்லை, மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு. பாதிக்கும் மேல். அன்னையர் தினம் வந்தால் நம் டைம்லைனில் "எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்பவள் அம்மா" என்று உருகுகிறோம். நானும் உருகியிருக்கிறேன், பழைய பதிவு ஒன்று இன்னும் கிடக்கிறது, தேடாதீர்கள். அந்த மிச்சத்தில் என்ன இருக்கும்? ரசத்தின் அடிமண்டி, குழம்பில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு. கறி எடுத்த நாளில் எலும்பு. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இதைப் போட்டுவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

சரி, இரும்பு மாத்திரை வாங்கியாகிவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் நாளே அம்மா நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மலம் கறுப்பாகப் போனதாம், உள்ளே ஏதோ புண் என்று பயந்துவிட்டாள். இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. போட்ட நாட்களிலும் காலை டீயோடுதான் விழுங்கியிருக்கிறாள். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் சில மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப வேண்டுமாம். அப்பாவின் மாத்திரையை அம்மா கவனித்த மாதிரி அம்மாவின் மாத்திரையைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது தங்கையும் நானும் முறை வைத்துக் கேட்கிறோம். அப்பா எலுமிச்சை பிழிகிறார், விதையோடு.

நான்கு மாதத்தில் 11.2 வந்திருக்கிறது. அரிசி மெல்லும் ஆசை அதற்கு வெகு முன்னாலேயே போய்விட்டது.

ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், அதாவது மண்ணீரல். சின்ன வயதில் அம்மா அதைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தூவி, எனக்கும் தங்கைக்கும் பாதிப் பாதியாகத் தருவாள். "ரத்தம் ஊறும், தின்னு" என்பாள். தான் ஒரு விள்ளல் கூட எடுத்ததாக ஞாபகம் இல்லை. போன ஞாயிறு கறிக்கடை பாயிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கி வந்தேன். நானே சுட்டேன், ஒரு பக்கம் கருகிவிட்டது. அம்மா தட்டில் வைத்ததும் பாதியைப் பிய்த்து என் தட்டில் போட்டாள். எடுத்துத் திரும்ப அவள் தட்டிலேயே வைத்தேன். "என்னடா, கரிச்சட்டி மாதிரி சுட்டு வச்சிருக்க" என்று திட்டிக்கொண்டே தின்றாள். முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.